மூன்றாவது வாத்து

என் தலைமயிரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முருகனுக்கு நேர்ந்துவிட்ட மனுஷி அவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சுவிஸுக்கு வந்தது 2009இன் கடைசியில். அகதி முகாமிலிருந்து வெளியே விட்டபிறகு பேர்ண் நகருக்குப் பக்கத்திலுள்ள ஓஸ்டர்முண்டிகனில் ஒரு பழைய மாடிக்கட்டடத்தில் வேறு இரண்டு பெடியன்களோடு சேர்ந்து இருந்தேன். நான் அக்கா என்று கூப்பிடுகிற இந்த மனுஷி எங்களுக்குக் கீழ்மாடி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கணவர் அங்கேயே லோண்டரியில். ஒரே ஒரு மகள், ஆரணி. படிக்கட்டில் கண்டால் "சாப்பிட்டியோ தம்பி" என்று கேட்பார். நான் "ஓம் அக்கா" என்பேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான். எனக்கு பி பெர்மிட், அதாவது வதிவிட அனுமதி, வந்த செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அன்று பின்னேரமே கதவைத் தட்டினார்.

"தம்பி, சனிக்கிழமை வேளைக்கு வெளிக்கிட்டு நில். அட்லிஸ்வில் முருகனிட்டைப் போகவேணும்."

"ஏனக்கா?"

"உனக்கு பெர்மிட் கிடைச்சா மொட்டை அடிக்கிறதெண்டு நேர்ந்தனான்."

"ஆற்றை மொட்டை?"

"உன்ரைதான். பின்னை என்ரையையோ?"

"என்ரை தலையை நேரச்சொல்லி ஆரக்கா உங்களுக்குச் சொன்னது?"

"நீ நேரமாட்டாய் எண்டு தெரியும். அதுதான் நான் நேர்ந்தனான்" என்றார். அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. செய்யாமல் விட்டால் தந்ததைத் திருப்பி எடுத்துப்போடுவார் என்றும் எச்சரித்தார். எடுப்பது முருகனா, குடிவரவுக் கந்தோரா என்று நான் கேட்கவில்லை. சாமி பூதமெல்லாம் வன்னியிலேயே விட்டுவிட்டு வந்தவன் நான். ஆனாலும் போய் மொட்டை அடித்தேன். திங்கட்கிழமை நான் வேலை செய்த சமையற்கட்டில் செஃப் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டுபோய், பேன் பிடித்துவிட்டதோ என்று இரகசியமாக விசாரித்தான்.

"நேர்ந்தாச்சு" என்பதுதான் அவருடைய சொல். அந்தச் சொல் வந்துவிட்டால் மேற்கொண்டு கதைக்க ஒன்றும் இல்லை. ஆருக்காவது கஷ்டம் என்று காதில் விழுந்தால் போதும், அவர் உடனே நேர்ந்துவிடுவார். அதைச் செலுத்த வேண்டிய ஆள் மட்டும் வேறாக இருக்கும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நான் அவரைப் பகிடி பண்ணுவேன். என் அறைத் தோழன் ஒருவன் கார் ஓட்டும் பரீட்சையில் பாஸ் பண்ணியதற்குப் பாற்காவடி எடுத்தான். அவருடைய கணவர், எவனோ ஒரு முன்பின் தெரியாத பெடியனின் சத்திரசிகிச்சைக்காக ஒரு வருஷம் மீன் தின்னாமல் இருந்தார். "எனக்கு அவனின்ரை பேரும் தெரியாது" என்று அந்த மனுசன் பருப்புக்கறியைப் பார்த்தபடி சொன்னது நினைவிருக்கிறது.

அவருக்கும் கீழ்வீட்டில் இருந்த சுவிஸ் கிழவியையும் அவர் விடவில்லை. கிழவியின் பூனை காணாமற்போய்த் திரும்பி வந்ததும், அக்கா போய்த் தேங்காய் நேர்ந்திருக்கிற விஷயத்தைச் சொல்லிவிட்டார். கிழவி தொப்பியும் போட்டுக்கொண்டு எங்களோடு கோயிலுக்கு வந்தாள். என்ன ஏது என்று ஒன்றும் கேட்காமல், காட்டிய கல்லில் தேங்காயை ஓங்கி ஒரு அடி அடித்தாள். அது சுக்குநூறாகப் போயிற்று. பூனைக்காக இல்லாவிட்டாலும் இன்னொரு முறை வரலாமா என்று ரயிலில் என்னிடம் கேட்டாள்.

இதெல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்து கேட்டுவிட்டேன்.

"எல்லாற்றை தலையையும் முதுகையும் நேர்ந்து விடுறியள். உங்களின்ரை ஏதாவது குடுத்தாலென்ன?"

அவர் கோபிக்கவில்லை. "என்னட்டை இருந்ததெல்லாம் முந்தியே குடுத்து முடிஞ்சுது தம்பி" என்றார்.

பிறகுதான் தெரிந்தது. கலியாணமாகிப் பத்து வருஷம் பிள்ளையில்லை. அந்தப் பத்து வருஷமும் அவர் தன்னிடம் இருந்ததை ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறார். மச்சம் மாமிசம் முதலில் போயிற்று. பிறகு சீனி. பிறகு தலைமயிர், இரண்டு தரம். படம் பார்ப்பது, பூ வைப்பது, வெள்ளிக்கிழமைகளில் கட்டிலில் படுப்பது, கடைசியில் கோப்பி. ஆரணி பிறந்தபோது அவரிடம் நேருவதற்கு வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அதை என்னிடம் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் பெருமையும் இல்லை, கவலையும் இல்லை.

அப்படித் தவமிருந்து பெற்ற பிள்ளை, செத்த வாத்துகளோடு விளையாடுகிறவளாக வளர்ந்தாள். அதுதான் அக்காவுக்கு வந்த சோதனை.

ஆரணி மிருக வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தாள். அங்கே ஆரோ விட்டுவிட்டுப் போன ஒரு லாப்ரடோர் குட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். பாற்புக்கை நிறம், அதுதான் பாற்பொங்கல். அதனால் அதற்குப் புக்கை என்றே பெயர் வைத்தாள். இந்த இன நாய்களுக்கு ரிட்ரீவர் என்று பெயர். வேட்டையில் சுட்டு விழுத்திய பறவையைத் தேடிப் பிடித்து, கடிக்காமல் கசக்காமல் கௌவி வந்து எசமானின் கையில் கொடுப்பதுதான் அதன் தொழில். அதற்கென்று கழகம், பயிற்சி, போட்டி எல்லாம் உண்டு. ஞாயிறு தோறும் பச்சைக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் மத்தியில் நின்று எங்கள் பெட்டை "புக்கை! புக்கை!" என்று கூப்பிடுவாள். அவர்களும் அதை ஏதோ பெரிய வேட்டைப் பெயர் என்று எண்ணி மரியாதையாகச் சொல்வார்கள்.

நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார் அக்கா. குளிர்காலம் வந்ததும் வாசற்கால்மிதிவரை வரலாம் என்றார். பிறகு குசினிக்கும் சாமியறைக்கும் மட்டும் வரக்கூடாது என்றார். ஒருநாள் நிலக்கீழ் அறையிலிருந்த பொது உறைபெட்டியைத் திறந்து முருங்கையிலைப் பொட்டலத்தை எடுக்கப்போனவர், பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பையையும் பிரித்துப் பார்த்துவிட்டார். உள்ளே தலையும் செட்டையுமாக ஒரு காட்டு வாத்து. பயிற்சிக்காக மகள் வாங்கி வைத்தது. அன்று எங்கள் மாடிவரை சத்தம் கேட்டது. முருங்கையிலை முழுவதும் குப்பைக்குப் போயிற்று. ஆனால் மகளை அவர் நிற்பாட்டவில்லை. "அவளின்ரை சந்தோசம் அதிலையெண்டா நான் என்ன செய்ய" என்று படிக்கட்டில் நின்று என்னிடம் சொல்லிவிட்டு, போய்த் தலைமுழுகினார்.

2015இன் முடிவில் ஆரணிக்கு இரத்தப் புற்று என்றார்கள்.

மருந்துக்கு முதலில் கேட்டது. கோடையில் தெளிந்து எழும்பினாள். அந்த உசாரில்தான் புக்கையை இலையுதிர்காலக் களப்போட்டிக்குப் பதிந்தாள். புரட்டாதியில் நோய் திரும்பி வந்தது. இனி எலும்பு மச்சை மாற்றினால்தான் தப்புவாள் என்றார்கள். தாய் தகப்பனுடையது பாதிதான் பொருந்தியது. முழுதாகப் பொருந்துகிற ஒரு ஆள் உலகத்தில் எங்காவது மச்சை கொடுக்கப் பதிந்திருக்கிறாரா என்று டொக்டர்கள் தேடினார்கள். எங்கள் ஆட்களில் பதிந்தவர்கள் மிகக் குறைவு. கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, மாணவப் பிள்ளைகள் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருடைய கன்னத்துக்குள்ளும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அக்கா வாசலில் நின்றார். ஒருவரையும் பஞ்சுக்குச்சி இல்லாமல் வெளியே போக விடவில்லை. நானும் கொடுத்தேன். ஒருவருடையதும் பொருந்தவில்லை.

அந்த நாட்களில் அவருடைய நேர்த்திகள் எனக்குப் பயத்தைத் தந்தன. முன்பு காரியம் ஆனபிறகுதான் செலுத்துவார். இப்போது முதலிலேயே செலுத்தத் தொடங்கினார். கணவர் அங்கப்பிரதட்டை செய்தார். சூரிச்சில் இருந்த ஒன்றுவிட்ட சகோதரங்களெல்லாம் மொட்டையடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் எங்கள் கதவைத் தட்டி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"தம்பி, உனக்குச் செடிற்காவடி நேர்ந்திருக்கிறன். ஆள் கிடைச்ச உடனை."

செடில் என்றால் முதுகுச் சதையில் கொளுக்கி குத்தி இழுப்பது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போலக் கத்துவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். "சரி அக்கா" என்றேன். அவருடைய முகம் அதைக் கேட்டுத்தான் கலங்கியது. நானே மறுபேச்சுப் பேசாத அளவுக்கு நிலைமை மோசம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனம் வராது. ஆரணிக்கு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த தைமாதத்தில் அவள் போய்விட்டாள். என் முதுகில் கொளுக்கி ஏறவேயில்லை. ஏறியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஐப்பசியில் நடந்ததை.

போட்டிக்கு நாயை யார் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. கழகத்துத் தோழிகள் வரத் தயாராக இருந்தார்கள். ஆரணி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் புக்கைக்குச் சாப்பாடு வைத்தது, மழையில் கூட்டிக்கொண்டு திரிந்தது எல்லாம் அக்காதான். "அது இப்ப உங்களின்ரை சொல்லுக்குத்தானம்மா நிக்குது. நீங்கள் கொண்டு போங்கோ" என்றாள். அம்மா கொண்டுபோனால் தானே போனமாதிரி என்றும் சொன்னாள். இதற்குமேல் எந்தத் தாய் மறுப்பாள்?

பயிற்சி எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் நடந்தது. ஆரணி கட்டிலில் இருந்தபடி தொலைபேசித் திரையில் பார்ப்பாள். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அம்மா, கத்தாதேங்கோ. ஒருக்காச் சொன்னாக் காணும்."

"அதுக்குக் கேட்டுதோ எண்டு தெரியேல்லையே."

"உங்களைவிட நல்லாக் கேக்கும். விசிலை ஒருக்கா ஊதினா நிண்டு உங்களைப் பாக்கும். பிறகு கை மட்டுந்தான். இடக்கையை நீட்டினா இடப்பக்கம் போகும், வலக்கையெண்டா வலப்பக்கம். கையைத் தலைக்கு மேலை உயத்தினா நேரை இன்னும் தூரப் போகும். விளங்குதோ?"

அக்கா பாடமாக்கினார். குசினியில் சோறு வடிக்கும்போதுகூட இடக்கையை நீட்டி, வலக்கையை நீட்டிப் பார்ப்பார். உண்மையான வாத்தைக் கையில் வாங்குவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. முதல் தரம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். திரைக்குள் ஆரணி சிரித்தாள். அவள் சிரிக்கிறாள் என்று கண்டதும் அக்கா மீண்டும் எறியச் சொன்னார். பிறகு இன்னொரு தரம்.

போட்டி நாள் கந்தசஷ்டியின் ஆறாம் நாளில் வந்து விழுந்தது. சூரன்போர். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் தவிர வேறொன்றும் வாயில் படாமல் விரதமிருக்கிற மனுஷி, அதே நாளில் செத்த பறவையைக் கையில் ஏந்தவேண்டும். "அக்கா, வேறை ஆரையும் விடுவமே?" என்று கேட்டேன். "முருகனே இண்டைக்குச் சூரனைக் கொல்லத்தானே போறார். என்ரை கையிலை ஒரு வாத்தைக் கண்டு என்ன சொல்லப்போறார்" என்றார்.

விடியப்புறம் காரில் போனோம். நான்தான் ஓட்டினேன். அக்கா மகளின் பச்சைக் கோட்டைப் போட்டிருந்தார். கை நீளமாக இருந்தபடியால் மடித்துவிட்டிருந்தார். பின்சீட்டில் புக்கை. கணவர் ஆரணியோடு ஆஸ்பத்திரியில். பேர்ணைத் தாண்டி, ஏரிகளுக்கு நடுவிலுள்ள சமவெளியில் இறங்கும்போது பனிப்புகார் அடர்ந்திருந்தது. அப்போது சொன்னார்.

"தம்பி, மூண்டு வாத்தாம். மூண்டையும் இது கொண்டு வந்து என்ரை கையிலை தந்தா, அவளுக்கு ஆள் கிடைக்கும்."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். "உங்களுக்கு விசரோ? இது நாயக்கா. நாயிலை கொண்டுபோய்ப் பிள்ளையின்ரை உயிரைக் கட்டாதேங்கோ."

"கட்டியாச்சு."

"அவிழுங்கோ."

"நேர்த்தியெண்டா அவிழ்க்கலாம். இது நேர்த்தியில்லை. எல்லாம் நேர்ந்து பாத்தாச்சு. அவர் ஒண்டும் சொல்றாரில்லை. ஓமோ இல்லையோ எண்டு ஒரு வார்த்தை கேக்கிறன். அவ்வளவுதான்."

கண்ணாடியைப் பார்த்தபடி அமைதியாகச் சொன்னார். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. ஓட்டினேன்.

சர்க்கரைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே ஒரு கால்வாய். கரை முழுவதும் நாணல். பச்சைக் கோட்டுக்காரர் பதினைந்து இருபது பேர், அவர்களுடைய காலடியில் சத்தமே போடாத நாய்கள். இப்படி ஒரு ஒழுக்கமான கூட்டத்தை நான் எங்கள் கோயிலில் கண்டதில்லை. நடுவர் உயரமான ஒரு நடுவயதுப் பெண். அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆரணியின் சுகத்தை விசாரித்தார். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஆனால் விதி விதிதான். நாயைத் தொடக்கூடாது, பிடிக்கக்கூடாது. நடுவர் சொன்னபிறகுதான் அனுப்பலாம். வெறும் வாயோடு திரும்பி வந்தால் ஆட்டம் முடிந்தது.

முதல் வெடி கேட்டது. தூரத்தில் ஒருவர் எறிந்த வாத்து கிழங்கு வயலுக்குள் விழுந்தது. புக்கை அசையாமல் இருந்தது. நடுவர் தலையசைத்தார். "போ ராசா, எடுத்துக்கொண்டு வா" என்றார் அக்கா. ஜெர்மன் கட்டளைகளையே கேட்டுப் பழகிய அந்தக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. புக்கை ஓடியது, எடுத்தது, வந்து முன்னால் இருந்து தலையை நிமிர்த்தியது. அக்கா குனிந்து இரண்டு கைகளாலும், கோயிலில் பிரசாதம் வாங்குகிறமாதிரி வாங்கினார். கண்ணை மூடவில்லை. இரண்டாவது வாத்து தண்ணீரில் விழுந்தது. அதையும் கொண்டுவந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாக "சூப்பர்" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் நாணலைப் பார்த்தேன். கடவுள் இல்லையென்று சொல்லித் திரிகிறவன், அந்த நிமிஷத்தில் மனத்துக்குள் நாயைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாத்தை நாய் பார்க்காத நேரம் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கால்வாய்க்கு அப்பால், எதிர்க்கரை நாணலுக்குள். இடம் எசமானுக்கு மட்டும் காட்டப்படும். நாய் அவருடைய கையை நம்பிப் போகவேண்டும்.

அக்கா அனுப்பினார். புக்கை தண்ணீரில் பாய்ந்து நேரே நீந்தியது. எதிர்க்கரையில் ஏறியது. கொஞ்சம் விலகிப் போனபோது அக்கா விசிலை ஒருமுறை ஊதினார். நாய் நின்று, திரும்பி, இருந்து, அவரைப் பார்த்தது. வாத்து அதற்கு இடப்பக்கம், ஒரு பாய் நீளத்தில் கிடந்தது. செட்டையின் நீலப்பட்டை எங்களுக்கே தெரிந்தது. இனி அக்கா கையை ஒரு பக்கம் நீட்டினால் சரி. வேறொன்றும் வேண்டாம்.

அவருடைய இரண்டு கைகளும் மேலே போயின. தலைக்கு மேலே உயர்ந்து கூப்பிக்கொண்டன. "முருகா" என்றார். கோயிலில் திரை விலகும்போது போகிறமாதிரி, அவரைக் கேட்காமலே அந்தக் கைகள் போயின.

புக்கை சொன்னதைச் செய்கிற நாய். கை மேலே போனால் இன்னும் தூரப் போகவேண்டும். எழும்பித் திரும்பி, வாத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழங்கு வயலுக்குள் நேரே ஓடியது. அக்கா விசிலை ஊதினார், ஊதினார், கையை அங்கும் இங்கும் வீசினார். அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் தண்ணீரில் இறங்கி, வெறும் வாயோடு எங்களிடம் திரும்பி வந்தது.

நடுவர் கிட்ட வந்து, "நன்றி. துரதிர்ஷ்டம், இத்தோடு முடிந்தது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்னொருக்கா விடலாமோ எண்டு கேள் தம்பி" என்றார் அக்கா. கேட்டேன். நடுவர் இல்லையென்று தலையசைத்தார். அவருக்கும் மனம் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நான்தான் கலைச்சுவிட்டனான். அது பக்கத்திலை போயிட்டுது. நான்தான் கலைச்சனான்" என்றார். பிறகு நாயின் வாரை என் கையில் தந்தார். சப்பாத்தைக் கழற்றினார். எதற்காக என்று நான் கேட்பதற்குள் கால்வாய்க்குள் இறங்கிவிட்டார்.

நீந்தத் தெரியாது அவருக்கு. ஆறு நாள் பட்டினி. கார்த்திகைக்குக் கிட்டின குளிர். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. "அக்கா! அக்கா!" என்று நான் கத்தினேன். கரையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கோட்டைக் கழற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அக்கா சேற்றில் கால் புதைய, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி எதிர்க்கரைக்குப் போய், நாணலைப் பிடித்து ஏறினார். குனிந்து வாத்தை எடுத்தார். திரும்பி வரும்போது அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். நடுவழியில் அந்த மனிதர் அவரைத் தோளோடு அணைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்.

அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. நேரே நடுவரிடம் போய், இரண்டு கையாலும் வாத்தை நீட்டினார். நடுவருக்கு இதன் அர்த்தம் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவர் தன் குறிப்புப் பலகையைக் கீழே போட்டுவிட்டு, தானும் இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அக்காவுக்குப் போர்த்தினார். கழகத்துப் பெண்கள் அவரை ஒரு வானுக்குள் கொண்டுபோய் உடுப்பு மாற்றிவிட்டு, கம்பளியால் சுற்றி என் காரில் ஏற்றினார்கள்.

ஹீட்டரைப் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தபோது என் தொலைபேசி அடித்தது. ஆரணி. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மாமா, என்ன மாதிரி?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"வந்திட்டுது பிள்ளை."

"மூண்டுமோ?"

"மூண்டும். என்ரை கையிலை."

ஆரணி அழுதபடி சிரித்தாள். "நீங்கள் சாமி கும்பிடுற மாதிரிக் கையை உயத்திப்போடுவியள் எண்டு பயந்துகொண்டு கிடந்தனான் அம்மா."

"சீச்சீ. நீ சொல்லித் தந்தனி, பிறகு உயத்துவனே" என்றார் அக்கா.

அன்றைக்குப் பின் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஆரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அதற்குமுன் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் விரதத்தில்.

பனிப்புகார் கலைந்துகொண்டிருந்தது. காரை வீட்டுப்பக்கம் திருப்பினேன். கம்பளிக்குள் அவருடைய பல் கிடுகிடுத்துக்கொண்டே இருந்தது. பேர்ணுக்குக் கிட்ட வந்தபோது கேட்டார்.

"தம்பி, நாய் கொண்டு வரேல்லைத்தானே."

"ஓம் அக்கா."

"அவர் பாத்திருப்பாரோ?"

எத்தனையோ வருஷமாக அவரோடு இதே விஷயத்தில் சண்டை பிடித்தவன் நான். பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லையக்கா என்று சொல்லியிருக்கலாம். அதுதான் என் கொள்கையும்.

"எப்பிடிப் பாக்கிறது? இண்டைக்குச் சூரன்போர். அவருக்கு அட்லிஸ்வில்லிலை விடியத் தொடக்கம் சண்டை. தலை நிமிர நேரமிருந்திராது" என்றேன்.

அக்கா என்னை ஒருமுறை கூர்ந்து பார்த்தார். "ஓம் என்ன. அங்கைதான் நிண்டிருப்பார்" என்றார். பிறகு கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, பின்சீட்டில் ஈரத்தோடு படுத்திருந்த புக்கையைத் திரும்பிப் பார்த்து, "நீயும் சொல்லிப்போடாதை" என்றார்.